டவரோடு பேச்சு அறுந்தால்: எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது?

விமானிகளுக்கு ரேடியோ பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் எனக்கு வருடங்கள் ஓடிவிட்டன. மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் தரையிறங்கியதும் சொல்லும் வாக்கியம் மட்டும் மாறுவதில்லை: "சார், ரேடியோ போயிடுச்சு." போய்ப் பார்த்தால் ரேடியோ பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வால்யூம் குறைந்திருக்கும், ஹெட்செட் பிளக் அரைகுறையாக மாட்டியிருக்கும், இல்லையென்றால் அலைவரிசையில் ஒரு எண் மாறியிருக்கும். நிஜமான பழுது குறைவு. அதைவிடக் கவலைப்படவேண்டிய வகை ஒன்று உண்டு: கருவி எல்லாம் சரி, குரலும் தெளிவு, ஆனால் அவர் சொன்னது ஒன்று, இவர் புரிந்துகொண்டது வேறு. அதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தனியாகப் பறக்கத் தொடங்கிய மாணவர்களுக்கும், ஏர்லைனில் புதிதாகத் துணை விமானியின் வலது சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது. எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், போகப்போகச் சிக்கல் கூடும். ஒன்று மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொது: முதலில் விமானத்தை ஓட்டுங்கள், அடுத்து எங்கே போகிறோம் என்று பாருங்கள், பேச்சு மூன்றாவதுதான். ரேடியோ குமிழைத் தேடிக் குனிந்தவர் விமானம் சாய்வதைக் கவனிக்காமல் விட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

## காதில் எதுவுமே விழவில்லை

முதலில் ஸ்குவெல்ச்சை, அதாவது வெற்று இரைச்சலைக் காதுக்கு விடாமல் அடைக்கும் ஏற்பாட்டை, திறந்துவிடுங்கள். பல ரேடியோக்களில் வால்யூம் குமிழை இழுத்தாலோ அமுக்கினாலோ அது நடக்கும். காதில் 'உஸ்' என்று இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு சோதனை பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும்.

### 'உஸ்' கேட்கிறது

அப்படியானால் ரிசீவர், ஆடியோ பேனல் (எந்த ரேடியோவில் பேசுவது, எதைக் கேட்பது என்று தேரும் பட்டன் பலகை), ஹெட்செட் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. சந்தேகம் அலைவரிசை மேல் போகட்டும். புது எண்ணை ஸ்டாண்ட்பையில் (அடுத்து வரப்போகும் எண்ணுக்கான இடம்) போட்டுவிட்டு மாற்றும் பட்டனை அமுக்க மறந்தீர்களா, அல்லது இரண்டு முறை அமுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டீர்களா என்று பாருங்கள். எண் சரிதான் என்று தோன்றினாலும் கடைசியாகப் பேசிய அலைவரிசைக்குத் திரும்பிப் போய் ஒருமுறை கேளுங்கள். அங்கே பதில் கிடைத்தால் புது எண்ணைத் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதற்காகத்தான் பழைய எண்ணைக் காகிதத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

எண்ணும் சரியென்றால் உயரத்தைப் பாருங்கள். இந்த ரேடியோவின் விஹெச்எஃப் அலை நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவுக்கு அப்பால் எட்டாது. 35,000 அடியில் 230 நாட்டிகல் மைல்வரை எட்டுவது, 1,000 அடியில் 40 மைலுக்குக்கூடத் தள்ளாடும். நடுவில் மலை இருந்தால் அதுவும் கிடையாது. அனுமதி உள்ள உயரத்துக்குள் கொஞ்சம் மேலே ஏற முடிந்தால் ஏறிப் பாருங்கள்.

### 'உஸ்' கேட்கவில்லை

வால்யூம், பிறகு ஆடியோ பேனல். பேசுவதற்கு ஒன்றாம் ரேடியோவைத் தேர்ந்துவிட்டு, கேட்பதற்கான அதன் பட்டன் அணைந்து கிடப்பது தினசரி நடப்பது. அடுத்து ஹெட்செட் பிளக்: கழற்றி, 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பக்கத்து சீட்டு ஹெட்செட்டை வாங்கிப் போடுங்கள், ஸ்பீக்கரைப் போடுங்கள், இரண்டாம் ரேடியோவுக்கு மாறுங்கள். இதெல்லாம் செய்தபிறகும் அமைதியென்றால் மின்சாரம். சின்ன விமானத்தில் அம்மீட்டரைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் எப்போதோ நின்று, பேட்டரி வடிந்து, முதல் பலியாக ரேடியோ போயிருக்கலாம். சர்க்யூட் பிரேக்கர் வெளியே தள்ளியிருந்தால், ஆறவிட்டு ஒரே ஒரு முறை உள்ளே தள்ளலாம், அதுவும் அந்த ரேடியோ இல்லாமல் முடியாது என்ற நிலையில்தான். அது மறுபடி வெளியே வந்தால் விட்டுவிடுங்கள், அது இன்ஜினியர் வேலை. இரண்டாம் முறை அழுத்திப் பிடிப்பது தீயை அழைப்பது. ஏர்லைனில் செக்லிஸ்ட் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

### நீண்ட பயணத்தில் வெகுநேரமாக அமைதி

இதை யாரும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் ஆபத்து. நெரிசலான வான்வெளியில் பத்து நிமிடம் யார் குரலும் கேட்கவில்லையென்றால் ஏதோ சரியில்லை. ஒரு ரேடியோ செக் கேட்டுவிடுங்கள். 2017 பிப்ரவரியில் மும்பையிலிருந்து லண்டன் போன ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனிக்கு மேலே கன்ட்ரோலோடு தொடர்பு இழந்தது, ஜெர்மன் போர் விமானங்கள் இரண்டு பக்கத்தில் வந்து நின்றன. அப்புறம் தொடர்பு திரும்பக் கிடைத்து லண்டனில் பத்திரமாக இறங்கியது. இரண்டாம் ரேடியோவில் அவசர அலைவரிசையான 121.5 எப்போதும் ஓடவேண்டும், அதன் வால்யூமும் காதில் விழும் அளவுக்கு இருக்கவேண்டும். நம்மைத் தேடுகிறவர்கள் அங்கேதான் கூப்பிடுவார்கள். வழியில் போகும் வேறு விமானத்திடம் சொல்லி அனுப்பச் சொல்வது, கம்பெனிக்கு டேட்டாலிங்க்கில் எழுதிக் கேட்பது, இரண்டும் நல்ல வழிகள்.

## எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை

பேசும்போது உங்கள் குரல் உங்கள் காதிலேயே திரும்பக் கேட்கிறதா, ரேடியோ முகப்பில் 'டிஎக்ஸ்' (அலை வெளியே போகிறது) என்ற சிறு எழுத்து எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால் பிரச்சினை பேசும்போது அமுக்கும் பிடிடி பட்டனிலோ மைக் பிளக்கிலோ இருக்கிறது. கை மைக்கை எடுத்துப் பேசிப் பாருங்கள். எழுத்து எரிந்து, குரல் மட்டும் போகவில்லையென்றால் மைக். உதட்டை ஒட்டினாற்போல் இருக்கவேண்டும், தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் இன்ஜின் சத்தம்தான் டவருக்குப் போகும்.

ஏர்பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆக்சிஜன் மாஸ்க்கைச் சோதிக்க வெளியே எடுத்தால் மைக் மாஸ்க்குக்கு மாறிவிடும். பெட்டி மூடியை மூடி ரீசெட் செய்யாமல் விட்டால் ஹெட்செட் மைக் செத்தது போலவே இருக்கும். முதல் விமானத்துக்கு ஏறும் காலை நேரத்தில் இதில் மாட்டாதவர்கள் குறைவு.

கன்ட்ரோலருக்கு உங்கள் அலை போகிறது, வார்த்தை மட்டும் போகவில்லை என்று அவர் சந்தேகப்பட்டால், "கேட்டால் ஐடென்ட் அமுக்குங்கள்" என்பார். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அந்தப் பட்டனை அமுக்குங்கள், ரேடார் திரையில் உங்கள் புள்ளி மின்னும். அதன்பிறகு அவர் கேள்வி கேட்பதும் நீங்கள் பட்டனால் பதில் சொல்வதுமாகத் தரைவரை வந்துவிடலாம். அழகான ஏற்பாடு, முன்பே தெரிந்திருந்தால் பயமே இருக்காது.

## அலைவரிசையில் யாராலும் பேச முடியவில்லை

ஒரே சீராக இரைச்சல், நடுவே யாரோ ஒருவரின் காக்பிட் பேச்சு, அல்லது முழு அமைதி. யாருடைய மைக்கோ திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. அது உங்களுடையது இல்லை என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யாதீர்கள். 'டிஎக்ஸ்' எரிகிறதா பாருங்கள். கை மைக் சீட்டுக்கு இடுக்கிலோ தொடைப் பலகைக்கு அடியிலோ நசுங்கிக் கிடக்கும். பிளக்கைக் கழற்றுங்கள், விளக்கு அணைந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. உங்களுடையது இல்லையென்றால் பழைய அலைவரிசைக்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் தொலைபேசியில் தெரிவிப்பார்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மூன்றாமவருக்கு 'கீ...' என்ற கீச்சல்தான் கேட்கும், பேசிய இருவருக்கும் அது தெரியாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப்பில் 583 பேர் இறந்த விபத்தில் இந்தக் கீச்சலுக்கும் பங்கு உண்டு. பனிமூட்டத்தில் கேஎல்எம் விமானம் ஓடத் தொடங்கிய நேரத்தில், டவர் அதைக் காத்திருக்கச் சொன்னதும், இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அதனால், கீச்சல் கேட்ட மூன்றாமவர் நீங்களாக இருந்தால், "பிளாக்ட்" என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். வெட்கப்படத் தேவையில்லை. பேசியவர்கள் இருவரும் திரும்பச் சொல்லட்டும்.

## கரகரப்பு, முனகல், டிக் டிக்

இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் முனகல் என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம். தரையில் ஒரு கணம் அதை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'டிட் டிட் டிட்' என்றால் யாருடைய பையிலோ போன். மழை, தூசி, மேகத்துக்குள் மட்டும் வருகிறதென்றால் விமானத்தின் மேல் சேரும் நிலைமின்சாரம். இறக்கை நுனியில் அதை வெளியேற்றும் குச்சிகள் உடைந்திருக்கலாம். ஒரு திசையில் திரும்பும்போது மட்டும் குரல் தேய்ந்தால் ஆன்டெனாவையோ அதன் கேபிளையோ சந்தேகிக்கலாம், அடிப்பக்க இணைப்பில் தண்ணீர் புகுந்து துருப்பிடிப்பது நம் கடலோரத்தில் சாதாரணம். முனகல், நிலைமின்சாரம், ஆன்டெனா எல்லாம் இன்ஜினியரிடம் போகவேண்டியவை. ஸ்குவெல்ச்சை இறுக்கி இரைச்சலை மறைத்துக்கொண்டு பறக்காதீர்கள், தூரத்துக் குரலும் சேர்ந்து மறைந்துபோகும்.

## கேட்டது, ஆனால் தப்பாகக் கேட்டது

இதற்கு ஸ்பேனர் கிடையாது. ஆனால் காரணங்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான்.

### எண் குழம்புகிறது

1989 பிப்ரவரி 19, கோலாலம்பூர் சுபாங்குக்கு இறங்கிக்கொண்டிருந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொல்லவேண்டியதை கன்ட்ரோலர் "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். முதல் 'டூ' எண் இரண்டு. காக்பிட்டில் அது 'வரை' என்று பொருள்படும் 'டு' ஆகிவிட்டது. "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் போயிற்று, அதாவது 400 அடி. மலையில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். கன்ட்ரோலர் உயரத்தை 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்' என்று முழுசாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை, விமானி அப்படித் திருப்பிச் சொல்லியிருந்தால் தப்பு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். உயரம் வேறு, லெவல் (பொது அழுத்த அளவில் கணக்கிடும் உயரம்) வேறு, வேகம் வேறு, திசை வேறு; எண்ணுக்கு முன்னால் அது எது என்ற சொல்லைச் சேர்த்தே திருப்பிச் சொல்லுங்கள். திசையையும் லெவலையும் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள், 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலத்தான் விழும்.

### ரீட்பேக் சரி, ஆனால் எண்ணே தப்பு

திருப்பிச் சொல்வது எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோலில் கன்ட்ரோலர் 1001 என்று சொல்லவேண்டிய க்யூஎன்ஹெச்சை (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்) 1011 என்றார். விமானிகளும் 1011 என்றே ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பத்து ஹெக்டோபாஸ்கல் கிட்டத்தட்ட 280 அடி. மேகத்துக்குள் இறங்கிய ஏர்பஸ் ஏ320, ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரையிலிருந்து ஆறு அடிவரை வந்துவிட்டு மேலே ஏறித் தப்பியது. எனவே காதில் விழுந்த அழுத்த எண்ணை ஏடிஐஎஸ்ஸில் (விமானநிலைய வானிலையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒலிபரப்பு) கேட்டு எழுதியெடுத்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் கேளுங்கள்.

### நமக்குத் தோதாகக் கேட்கிறது

காத்திருக்கும் வார்த்தையைத்தான் காது முதலில் பிடிக்கும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல்படை விமானத்துக்கு, நீங்கள் 'நம்பர் ஒன்', சி5 காத்திருப்பு இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ஓடுதளத்துக்குள் போய் நின்றார்கள். இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் வெளியேறிவிட்டார்கள், காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். வரிசையில் முதல் என்ற சொல்லை, அனுமதி என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்ளும் என்பதைப் பார்த்துத்தான் ஜப்பானில் அந்தச் சொல்லையே நிறுத்திவைத்தார்கள். ஓடுதளத்துக்குள் நுழைய, கடக்க, கிளம்ப, இறங்க: இந்த நான்குக்கும் ஓடுதள எண்ணோடு சேர்ந்த தெளிவான அனுமதி காதில் விழுந்ததா? பக்கத்து சீட்டுக்காரரும் அதையேதான் கேட்டாரா? இருவரில் ஒருவருக்கு ஐயம் என்றாலும் பிரேக்.

### கால்சைன் ஒத்துப்போகிறது

கால்சைன் என்பது ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் பெயர். ஒரே கம்பெனியின் இரண்டு விமானம், எண்ணில் ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம், ஒரே அலைவரிசை. கன்ட்ரோலர் சொல்வதற்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள், ஒத்த கால்சைன் இருக்கிறது என்று. அப்படி ஒரு நாளில் முழுக் கால்சைனைச் சுருக்காதீர்கள். வேறொருவருக்கான உத்தரவை நீங்கள் எடுத்துக்கொண்டதாக லேசாகத் தோன்றினாலும் கேட்டுவிடுங்கள்.

### பேசுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர்

1996 நவம்பர் 12, ஹரியானாவின் சார்கி தாத்ரி. டெல்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு அனுமதி 15,000 அடி, எதிரே ஏறிவந்த சவுதி விமானத்துக்கு 14,000. எதிரே விமானம் வருவதும் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கஜகஸ்தான் விமானம் 15,000-க்குக் கீழே இறங்கிவிட்டது, 349 பேர் இறந்தார்கள். அங்கே ரேடியோ பேசியது ஒரு ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர்கள் அல்ல. அந்த அமைப்பு இன்று நம் காக்பிட்டில் இல்லை, ஆனாலும் ஒருவர் ரேடியோவில் இருக்க மற்றவர் ஓட்டும் ஏற்பாடு தினமும் உண்டு. உயரம் மாறும் ஒவ்வொரு தடவையும் இருவரும் விரலால் அந்த எண்ணைச் சுட்டி வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள்.

### புரியவே இல்லை, கேட்க வெட்கம்

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆங்கிலம் சரளமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் "ராஜர்" போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்ப்பார்கள். 'ராஜர்' என்றால் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும்தான் பொருள், செய்கிறேன் என்று கிடையாது. "சே அகெய்ன்" என்று இரண்டு, மூன்று முறை கேட்டாலும் எந்தக் கன்ட்ரோலரும் உங்களைக் குறைத்து நினைக்கப்போவதில்லை. வேகமாகப் பேசினால் "ஸ்பீக் ஸ்லோவர்" என்று சொல்லலாம், அது புத்தகத்தில் உள்ள வார்த்தைதான். செய்ய முடியாததற்கு "அனேபிள்". சர்வதேச விமானிகளுக்கு ஐகேயோவின் (உலக விமானப் போக்குவரத்து அமைப்பு) நாலாம் நிலை ஆங்கிலம் கட்டாயம், ஆனால் அது இலக்கியத் தேர்வு அல்ல. புரியாததைக் கேட்டுத் தெளிந்துகொள்ளும் திறனும் அதில் அடக்கம்.

## நம் அவசரம் அவர்களுக்கு உறைக்கவில்லை

1990 ஜனவரி 25, நியூயார்க். போகோட்டாவிலிருந்து வந்த அவியாங்கா 52 வெகுநேரம் வட்டமடித்துக் காத்திருந்து, எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, முன்னுரிமை வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். 'எமர்ஜென்சி' என்ற ஒரு வார்த்தை கடைசிவரை வரவில்லை. கன்ட்ரோலருக்கு எந்த விமானமும் சீக்கிரம் இறங்க விரும்பும் விமானம்தான், அந்த வார்த்தை இல்லாமல் வித்தியாசம் தெரியாது.

இனி தாமதம் தாங்காது என்றால் "மினிமம் ஃப்யூல்". இது முன்னறிவிப்பு மட்டுமே, முன்னுரிமை தராது. இறங்கும்போது இறுதிக் கையிருப்புக்கும் (தொட்டியில் கட்டாயம் மிச்சம் இருக்கவேண்டிய எரிபொருள்) குறைவாகத்தான் மிஞ்சும் என்று கணக்கு காட்டினால் "மேடே, மேடே, மேடே, ஃப்யூல்". குரலில் பணிவு இருக்கட்டும், வார்த்தையில் வேண்டாம். உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு "பான் பான்". அறிவித்துவிட்டு, தேவையில்லை என்றானால் பிறகு ரத்து செய்துகொள்ளலாம்.

## கடலுக்கு மேலே

வங்காள விரிகுடாவில் கரையைவிட்டுத் தள்ளிப்போனால் விஹெச்எஃப் எட்டாது, வெகுதூரம் போகும் ஹெச்எஃப் ரேடியோ அல்லது கன்ட்ரோலரோடு எழுத்தில் பேசும் சிபிடிஎல்சிதான். ஹெச்எஃப்பில் குரல் மங்கினால் முதலில் நேரத்தைப் பாருங்கள்: பகலுக்கு உயர்ந்த அலைவரிசை, இரவுக்குத் தாழ்ந்தது. முதல் தொடர்பிலேயே செல்கால் (நம் விமானத்தைக் கூப்பிட்டால் மணியடிக்கும் ஏற்பாடு) சோதனை முடித்துவிடுங்கள். சிபிடிஎல்சி இணையவில்லையென்றால் நான்கெழுத்து முகவரியும் (சென்னைக்கு விஓஎம்எஃப்), ஃபிளைட் பிளானில் எழுதிய அதே விமான எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒரு எழுத்து பிசகியிருக்கும். அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை என்று அதையே மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள், குரலில் கேளுங்கள். செய்தி போய்ச் சேர்ந்தது என்று திரை சொல்வது அனுமதி அல்ல.

## எதுவும் பலிக்கவில்லை

ட்ரான்ஸ்பாண்டரில் 7600, ரேடியோ போய்விட்டது என்று சொல்லும் குறியீடு. கேட்காவிட்டாலும் நீங்கள் செய்யப்போவதை ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிக்கொண்டே போங்கள், அங்கே ஒருவேளை கேட்கும். கண்ணுக்குத் தெரியும் வானிலையென்றால் அப்படியே போய்ப் பொருத்தமான அருகிலுள்ள தளத்தில் இறங்குவதுதான். மேகத்துக்குள் என்றால் கடைசியாகக் கொடுத்த வேகம், உயரம் இரண்டையும் ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம் பிடித்துவிட்டு, ஃபிளைட் பிளான்படி என்பது ஐகேயோவின் பொது விதி. நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு, கிளம்புமுன் அந்த நாட்டு ஏஐபியில் (அதிகாரபூர்வ விமானத் தகவல் புத்தகம்) அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். டவர் எண்ணைப் போனில் சேமித்துவையுங்கள், சின்ன விமானத்தில் இது நிஜமாகவே உதவியிருக்கிறது.

டவரிலிருந்து விளக்கு வரும். காற்றில் இருக்கும்போது அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள், மின்னும் பச்சை என்றால் இறங்கத் திரும்பி வாருங்கள், மின்னும் சிவப்பு என்றால் இந்தத் தளம் பத்திரமில்லை. பகலில் இறக்கையை ஆட்டியும், இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை மின்னவைத்தும் பார்த்துவிட்டேன் என்று சொல்லவேண்டும்.

## தரைக்கு வந்தபிறகு

"ரேடியோ சரியில்லை" என்று டெக் லாகில் (விமானத்தின் கோளாறுப் பதிவேடு) எழுதினால் இன்ஜினியர் என்ன செய்வார்? தரையில் போட்டுப் பார்ப்பார், நன்றாக வேலை செய்யும், "கோளாறு காணப்படவில்லை" என்று கையெழுத்திட்டு விமானத்தை விடுவார். நாளை அதே விமானத்தில் இன்னொருவர் ஏறுவார். எந்த ரேடியோ, எந்த அலைவரிசை, எந்த உயரம், டவரிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்பியிருந்தீர்கள், மழையா வெயிலா, கேட்பதில் கோளாறா பேசுவதிலா, இரண்டாம் ரேடியோ எப்படி இருந்தது, எந்த ஹெட்செட்: இத்தனையும் எழுதுங்கள். ஹெட்செட் உங்கள் சொந்தமென்றால் அதையும் அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.